பூமயிலின் ஊருணியும் மஞ்சள் விமானமும்

கொக்கனேந்தலில் பூமயிலுக்குப் பயப்படாத உயிர் ஒன்று உண்டென்றால் அது ஊருணிக்குள் கிடந்த கெளுத்தி மீன்கள்தான். மற்றபடி ஆடு, மாடு, ஆம்பளை, பொம்பளை அத்தனையும் அவள் குரல் கேட்டால் ஒதுங்கித்தான் போகும். ஊர் அம்பலக்காரர் முத்தழகு, நாலு ஊர்ப் பஞ்சாயத்தில் மீசையை நீவிக்கொண்டு தீர்ப்புச் சொல்லுகிற மனுஷர். அவரே ஊருணிக் கரையில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கழற்ற மறந்த நாளில் கரையில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு நினைவிருந்தது.

இத்தனைக்கும் ஆள் ஒன்றும் பெரிய ஆகிருதி இல்லை. நாற்பது வயது, ஒல்லிக்குச்சி உடம்பு, கையில் ஒரு புளிய விளார். தொண்டை மட்டும் பெரியது. கண்மாய்க் கரையில் நின்று அவள் கத்தினால் அடுத்த ஊர்க்காரன் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பான்.

அவள் ஊருணிக் காவல்காரி. பரமக்குடியிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போகும் வண்டிப்பாதையில் இருக்கிற எல்லா ஊரையும் போலத்தான் கொக்கனேந்தலும். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொடுப்பதை ஊருணியில் தேக்கி வைத்து, வருஷம் பூராவும் அதைத்தான் குடிக்க வேண்டும். அதனால் அந்தத் தண்ணீருக்குச் சட்டதிட்டம் உண்டு. செருப்புக் கால் ஆகாது. கால் கழுவக் கூடாது, துணி அலசக் கூடாது. படியில் நின்று குடத்தைச் சாய்த்து மொள்ளலாமே தவிர, யாரும் தண்ணீருக்குள் கால் வைக்கக் கூடாது. தை கழிந்துவிட்டால் வீட்டுக்குத் தினம் இரண்டு குடம். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டுக்கு மட்டும் ஒன்று கூட. அவ்வளவுதான். மூன்றாவது குடத்தோடு வருகிறவள் அம்பலக்காரர் மனைவியாக இருந்தாலும் பூமயிலின் விளார் குறுக்கே வந்து நிற்கும்.

திருவாடானைப் பக்கத்திலிருந்து வேல்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வந்த மூன்றாம் வருஷம் வேல்சாமி விஷக் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. வீட்டையும் காட்டையும் கொழுந்தன் எடுத்துக்கொண்டான். கொக்கனேந்தலில் எல்லாமே தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமாகித் தனி உலை வைக்கிற ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி, கண்மாய் வேலைக்கு ஆள், ஊர்க்கூட்டத்தில் பேச்சு எல்லாம் அதை வைத்துத்தான். புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் நிற்கிறவளுக்குத் தலைக்கட்டு கிடையாது. அவள் பிறந்த ஊருக்குப் போய்விட வேண்டியதுதான்.

பூமயில் போகவில்லை. அண்ணன் வீட்டில் அண்ணன் பெண்டாட்டி இருந்தாள் என்பது ஒரு காரணம். இந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போனது இன்னொரு காரணம். அந்தச் சமயத்தில் ஊருணிக் காவலுக்கு ஆள் நிற்காமல் போக, "நான் பாக்குறேன்" என்று விளாரோடு வந்து நின்றாள். பொம்பளையா என்று சிரித்தவர்கள் ஒரே வாரத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். கரையில் ஒரு ஓலைக் குடிசை, தினம் ஒரு வீட்டிலிருந்து முறைக் கஞ்சி. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. ஊருணி வற்றினால் காவலுக்கு வேலை இல்லை, குடிசைக்கும் உரிமை இல்லை. அவளுக்கு முன்னால் இருந்த காவல்காரர்கள் எல்லாம் அப்படி வற்றின வருஷத்தில் கிளம்பிப் போனவர்கள்தான். பூமயில் காவலுக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் ஊருணி ஒரு தடவைகூட வற்றவில்லை. அவள் வற்ற விடவில்லை என்பதுதான் சரி. தண்ணீர் கிடக்கிற வரைக்கும்தான் இந்த ஊரில் தனக்கு இடம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அறுபத்தாறாம் வருஷம் பங்குனியில் விமானம் வந்தது. முந்தின ஐப்பசி மழை பாதியில் கைவிட்ட வருஷம் அது. கண்மாய் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. பருத்தி மட்டும் கரிசல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எப்படியோ காய் வைத்தது. வைத்த காயில் புழு விழுந்தது. சுற்று வட்டாரம் முழுக்கப் புழு என்றதும் அரசாங்கமே மருந்து தெளிக்க விமானத்தை ஏற்பாடு செய்தது. கண்மாய்த் தரையின் வெடிப்புகளில் மண்ணை நிரவி, உருளை ஓட்டி, விமானம் இறங்க வழி செய்தார்கள். ஒரு காலை நேரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒன்று உறுமிக்கொண்டு வந்து கண்மாய்க்குள் குதித்து ஓடி நின்றது. ஊரே ஓடியது. பூமயில் மட்டும் கரையை விட்டு நகரவில்லை. ஊரே ஓடுகிற நேரத்தில்தான் எவளாவது மூன்றாவது குடத்தோடு வருவாள் என்பது அவள் கணக்கு.

ஆனால் விமானத்து ஆட்களே அவளைத் தேடி வந்தார்கள். மெக்கானிக் ஒருத்தன் பம்பையும் ரப்பர் பைப்பையும் தோளில் போட்டுக்கொண்டு கரையில் ஏறினான். மருந்து கலக்கத் தண்ணீர் வேண்டுமாம்.

"யாரப்பா அது? அங்கனயே நில்லு!"

"தண்ணி எடுக்கணும்மா. மேலிடத்து உத்தரவு இருக்கு."

"உத்தரவு போட்டவுக வந்தா ரெண்டு கை குடிக்க ஊத்துறேன். மருந்து மோந்த பைப்ப இதுல விடுறதா இருந்தா, மொதல்ல என்னையத் தூக்கி உள்ள போட்டுட்டு அப்பறமா விடு."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னாலிருந்து விமானம் ஓட்டுகிறவர் வந்துவிட்டார். கேப்டன் மச்சாது என்று பெயர். தூத்துக்குடிக்காரர், முப்பது வயதுக்குள் இருப்பார். கரைக்குக் கீழேயே பூட்ஸைக் கழற்றினார், அதற்குள் இருந்த காலுறையையும் கழற்றினார், வெறுங்காலோடு சுடுமண்ணில் தத்தித் தத்தி ஏறி வந்தார்.

"எக்கா, அவன விடுங்க. எனக்குக் குடிக்க மட்டும் கொஞ்சம் தண்ணி தருவியளா?"

செருப்பைக் கழற்றுகிற மனுஷனை அவள் பார்த்திருக்கிறாள். உறையையும் கழற்றுகிற மனுஷனை அன்றுதான் பார்த்தாள். குடத்தை எடுத்து அவர் கையில் சாய்த்தாள். அவர் குனிந்து வயிறு முட்டக் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத வச்சு மருந்து கலக்குனா பாவம்" என்றார். அன்றைக்கே லாரி பரமக்குடிக்குப் போய் வைகை மணலில் ஊற்று பறித்து ட்ரம்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தது. அதிலிருந்து தினமும் அப்படியே.

பூமயில் சும்மா விடுவாளா? தலையைக் கொடுத்தவரிடம் இன்னொன்றும் கேட்டாள். "தம்பி, ஊருணிக்கு மேல மட்டும் பறக்காதீக. மருந்து தூத்தல் விழுந்துச்சுன்னா ஊரே சீக்குல படுத்துக்கிரும்." அவர் சரி என்றார். சொன்னபடியே ஊருணி நெருங்கும்போது விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பிப் போகும். ஊரில் நடக்கிறவர்கள் அவளுக்கு அடங்கியது பழைய கதை. இப்போது ஆகாயத்தில் போகிறவரும் அடங்கினார். அந்தப் பெருமை அவளுக்கு ரொம்ப நாள் தாங்கியது. சாயங்காலம் குடம் கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம், "பாத்தியாடி, எப்புடி ஒதுங்கிப் போகுது" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

தீப்பிடித்தது பங்குனிக் கடைசியில், பொழுது மேற்கே சாயத் தொடங்கின நேரம். கண்மாயின் மேற்குப்புறம் வனத்துறை போட்ட கருவேலங்காடு. அதை ஒட்டி ஊரைப் பார்த்து ஒரு பெரிய பனங்காடு. பனங்காடு முடிகிற இடத்தில் ஊர். யார் போட்ட பீடித் துண்டோ, கரி சுடுகிறவன் மூடாமல் விட்ட கங்கோ, கருவேலங்காட்டில் புகை கிளம்பியது. அன்றைக்கென்று மேல்காற்று பிசாசு பிடித்தது மாதிரி அடித்தது. ஆண்கள் பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். அடித்து அணைத்த இடத்துக்குப் பின்னால் தீ தாண்டி விழுந்தது. கருவேலம் முடிந்து பனங்காட்டின் முதல் வரிசையில் காய்ந்த ஓலைகள் பற்றிக்கொண்டதும் அடித்தவர்கள் பின்வாங்கினார்கள். தீக்கும் ஊருக்கும் நடுவே இருந்தது பனைகள் மட்டும்தான். ஊரில் அத்தனை வீடும் ஓலைக் கூரை.

பெண்கள் பிள்ளைகளையும் விதை மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஊருணிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊருணி ஊருக்குக் கிழக்குப்புறம், தீ வர முடியாத வெட்டவெளியில் இருந்தது. அங்கே பூமயிலின் குடிசைக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

மச்சாது ஓடி வந்தார். இந்தத் தடவையும் கரையடியில் பூட்ஸைக் கழற்ற மறக்கவில்லை. மூச்சு வாங்கியது. "அம்பலக்காரரே, லாரி பரமக்குடிக்குப் போயிருக்கு. வர நேரமாகும். விமானத்துத் தொட்டியக் கழுவித்தான் வச்சிருக்கோம். நெறையத் தண்ணி ரொப்பிக் கொடுத்தியள்னா, தீக்கு முன்னால கொண்டு போய் மொத்தமாக் கொட்டிருவேன். கனடாவுல, அமெரிக்காவுல எல்லாம் காட்டுத்தீய இப்படித்தான் அணைக்கிறாங்க."

"நீங்க அணைச்சிருக்கீகளா?" என்று அம்பலக்காரர் கேட்டார்.

"இல்ல. படிச்சிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது பூமயிலுக்குப் பிடித்தது. ஆனால் அவர் கேட்ட தண்ணீர்? அந்த வருஷம் ஊருணியில் தண்ணீர் கிடந்ததே கடைசிப் படியை ஒட்டின நடுக் குழியில்தான். அளந்து ஊற்றினால் சித்திரைக் கோடைமழை வரைக்கும் இழுத்துப் பிடிக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதைத் தூக்கி ஆகாயத்திலிருந்து கொட்டுவதா?

கூட்டத்தில் ஒருவர், "கூரை போனா ஓலை வெட்டி வேஞ்சுக்கிறலாம். தண்ணி போனா என்னத்தக் குடிக்கிறது?" என்றார். அதில் நியாயம் இருந்தது. பத்துப் பேர் தலையாட்டினார்கள். "வீடு போனா போகட்டும்னு சொல்ல ஒனக்கு வாய் எப்புடி வருது?" என்று இன்னொரு பக்கம் சத்தம் கிளம்பியது. அம்பலக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். நாலு ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிறவருக்கு அன்றைக்குத் தீர்ப்பு வரவில்லை. கடைசியில் அவர் பூமயிலைப் பார்த்தார்.

"காவல்காரி நீ. நீயே சொல்லு."

பன்னிரண்டு வருஷமாக யாரும் அவளை எதிலும் கேட்டதில்லை. கேட்ட நாளில் இப்படி ஒன்றைக் கேட்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தண்ணீரைக் கொடுத்தால் ஊருணி வற்றும். ஊருணி வற்றினால் ஊரில் வீடு இருக்கும், கூரை இருக்கும். பூமயில் இருக்க மாட்டாள். இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே பார்த்தாள். பனைகள் ஒவ்வொன்றாகத் தலையில் தீயோடு நின்றன.

"ஓலை வெட்டலாம்னு சொன்னீகளே," என்றாள் அந்த மனுஷரிடம், "எந்தக் காட்டுல போயி வெட்டுவீக? எரியிறதே அந்தக் காடுதான?"

பூமயில் பெண்கள் பக்கம் திரும்பினாள். "கொடத்த எடுங்கடி!" என்றாள்.

ஆனால் பழக்கம் விடுமா? மெக்கானிக் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்ததும் விளார் குறுக்கே விழுந்தது. "அந்தப் பைப்பு இதுல படக்கூடாது. கொடந்தான்." தீ பனங்காட்டுக்குள் வந்துகொண்டிருக்கிற நேரத்தில் இந்த வம்பு! மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். உள்ளபடி சொன்னால் பம்பைப் போட்டிருந்தால் இன்னும் விரைவாக ஆகியிருக்கும். அவள் அதை அப்புறமும் ஒத்துக்கொள்ளவில்லை. மச்சாது வாதாடவில்லை, விமானத்தைத் தரையிலேயே உருட்டி ஊருணிக் கரைக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பெண்கள் வரிசையாக நின்று குடம் மாற்றிக் குடம் கொடுக்க, மெக்கானிக் இறக்கையில் ஏறி நின்று தொட்டிக்குள் கொட்டினான்.

விமானம் கிளம்பி, தாழ்வாகப் போய், புகைக்குள் நுழைந்தது. அதன் வயிற்றிலிருந்து வெள்ளையாக ஒரு திரை சரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆனால் தண்ணீர் விழுந்தது தீ ஏற்கெனவே தின்று முடித்த கரிக்காட்டில். குலவை போட்டவர்களுக்கு அது தெரியவில்லை. கீழே நின்ற ஆண்களுக்குத் தெரிந்தது. பூமயிலுக்கும் தெரிந்தது. இத்தனை குடம் தண்ணீரைச் சாம்பலுக்குக் கொடுத்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

மச்சாது இறங்கினார். முகம் செத்துப் போயிருந்தது. "புகையில எடம் தெரியலக்கா. வெலகி விழுந்துட்டு."

"மறுபடி போங்க. இந்தா, ரொப்புறோம்" என்றாள். வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தடவை அவர் இன்னும் தாழ்ந்து, காற்றுக்கு எதிரே வந்து, தீக்கு முன்னால் இருந்த பனைகளின் மேல் கொட்டினார். நனைந்த பனைகளில் தீ வந்து திணறியது. அந்த இடத்தில் ஆண்கள் கொப்புகளோடு பாய்ந்தார்கள். மூன்றாவது தடவையும் சரியாகவே விழுந்தது. ஊருக்கு இப்போதுதான் உயிர் வந்தது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. விமானம் திரும்பி வந்து நிற்கிறது, தொட்டி காலி, குடம் வரவில்லை. மச்சாது எட்டிப் பார்க்கிறார். பெண்கள் எல்லாரும் ஊருணிக் கரையில் ஒரு ஓரமாக, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மரியாதையாக நிற்கிறார்கள். படியில் பூமயில் நின்றுகொண்டு முருகம்மாளை மறித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒனக்குத்தான் ரெண்டு கொடம் ஆச்சுல்ல? வெலகு, அடுத்தவ வரட்டும்!"

முருகம்மாள் அம்பலக்காரருடைய மனைவி, ஊரில் வாயாடி என்று பேர் வாங்கியவள். அவளும் மறுபேச்சுப் பேசாமல் விலகப் போனாள். இரண்டு குடம் ஆனதும் விலகுவது அந்தக் கால்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. எரிகிற ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் முறைப்படி ஒதுங்கி நின்றிருந்தார்கள்.

"எக்கா, என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டிய?" என்று மச்சாது கத்தினார்.

பூமயில் திரும்பி விமானத்தைப் பார்த்தாள். வெறுங்குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்தாள். தன் கையில் இருந்த விளாரைப் பார்த்தாள். முகம் முதலில் வெளிறியது, பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முருகம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அடி பாவி மதினி, தீயையும் முறை வச்சா அணைப்ப?" என்று முருகம்மாள் கேட்க, கரை முழுக்கச் சிரித்தது. பயத்தில் வெடித்த சிரிப்பு அது. இரண்டு பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பூமயில் விளாரைத் தூர எறிந்தாள். பிறகு அந்த ஊரில் யாரும் கண்டிராத ஒன்றைச் செய்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு ஊருணிக்குள் இறங்கினாள். நடுக்குழி வரைக்கும் போய் நின்றுகொண்டு, "என்னடி பாக்குறீக, எறங்குங்கடி!" என்று போட்டாளே ஒரு சத்தம்! படியில் ஒருத்தி மொண்டுகொண்டிருந்த இடத்தில் இப்போது பதினைந்து பேர் உள்ளே இறங்கி மொண்டார்கள். பாதித் தண்ணீர் விமானத்துக்குப் போனது. மீதி, ஊரின் மேல்வரிசைக் கூரைகளை நனைக்கப் போனது. தண்ணீர் இறங்க இறங்கக் கலங்கியது, கலங்கினது சேறாகியது. கெளுத்திகள் கால்களுக்கிடையில் துள்ளின. ஊருணியை அழித்தது தீயில்லை, விமானமும் இல்லை. தன் காலும் தான் இறங்கச் சொன்ன கால்களும்தான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தே மொண்டாள்.

பொழுது விழுகிற நேரத்தில் தீ பனங்காட்டின் நடுவில் நின்றுபோனது. விமானம் எத்தனை தடவை போய் வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லுவார்கள். கருவேலங்காடு போயிற்று, பாதிப் பனை போயிற்று, அம்பலக்காரருடைய வைக்கோல் படப்பு ஒன்று தாண்டி விழுந்த தீயில் போயிற்று. ஒரு வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மச்சாதுவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு நழுவி ஊருணிக் கரைக்கு வந்தார். பூமயில் படியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வரைக்கும் சேறு.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு இங்கதான் இருப்போம்க்கா. லாரியில ஊருக்குத் தண்ணி கொண்டாரச் சொல்லிருதேன். கவலப்படாதிய."

"சரி தம்பி" என்றாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தனை கூரையும் நின்றதைக் கண்ணால் பார்த்தாள். மூன்றாவது குடம் வாங்குகிற பச்சை உடம்புக்காரி ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனதையும் பார்த்தாள். செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக்குத் தான் எங்கே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

மறுநாள் காலையில் லாரி வந்தது. ஊரே அங்கே குடத்தோடு கூடியது. லாரிக்காரன் பைப்பைத் திறந்துவிட்டு ஊற்றினான், கேட்டவர்களுக்கு எல்லாம் கேட்ட அளவு. பூமயிலுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என்றாலும் சத்தம் போட அவளுக்கு இனி என்ன பாத்தியதை இருக்கிறது? குடிசைக்குள் போய் இரண்டு சேலையையும் ஒரு சட்டியையும் மூட்டையாகக் கட்டினாள். திருவாடானைக்கு மத்தியானத்துக்கு மேல் ஒரு பஸ் இருந்தது. அண்ணன் பெண்டாட்டியிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்தாள்.

தெருவில் தப்புச் சத்தம் கேட்டது. ஊர்ச் சாட்டு. நாளை தொடங்கி ஊருணியில் தூர் எடுப்பு. தலைக்கட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டி கூடையோடு வர வேண்டியது. வராத வீட்டுக்குத் தண்டம். சத்தம் வீடு வீடாக நின்று நின்று வந்து, தெருக்கோடியில் ஓய்ந்தது. அதற்கு அப்பால் அவள் குடிசை மட்டும்தான். அங்கே எப்போதும் சாட்டு வந்ததில்லை.

பின்னாலேயே அம்பலக்காரர் வந்தார். ஊருணியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் செருப்பு கக்கத்தில்தான் இருந்தது. மூட்டையைப் பார்த்தார், பார்க்காதது மாதிரி இருந்துகொண்டார்.

"பன்னெண்டு வருசமாத் தூர் எடுக்கணும் எடுக்கணும்னு நாங்க நெனச்சதுதான். நீ வத்தவிட்டாத்தான எடுக்க? பாதி ஊருணி மண்ணாக் கெடக்கு. இன்னைக்கு விட்டா அப்பறம் அமையாது."

"எடுங்க. நல்லதுதான்" என்றாள் அவள்.

"அது இருக்கட்டும். ஒன் தலைக்கட்டுக்கு யாரு வர்றா?"

பூமயிலுக்கு முதலில் விளங்கவில்லை. "எனக்கு ஏது அம்பலார் தலைக்கட்டு?" என்றாள்.

"காலையில ஊர்க்கூட்டம் போட்டுச் சேத்தாச்சு. கோயில் வரியும் உண்டு, கண்மாய் வேலையும் உண்டு, எல்லாந்தான். முருகம்மா ராத்திரி பூரா என்னையத் தூங்கவிடல. இப்ப நீ ஊருக்குப் போறேன்னா போ. போனாலும் ஆள் அனுப்பணும். இல்லையின்னா தண்டந்தான்."

அவள் எழுந்து நின்றாள். ஊரில் தண்டம் என்ற சொல்லைக் கேட்டால் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். பூமயில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வம்புக்கு நிற்கிறவள் மாதிரி கேட்டாள்.

"வராட்டி எவ்வளவு தண்டம்?"

"மத்தவுகளுக்கு உள்ளதுதான் ஒனக்கும்."

"எவ்வளவு?"

"அதான் சொல்றேனே. மத்தவுகளுக்கு உள்ளதுதான்."

மூன்றாம் தடவையும் கேட்டிருப்பாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்பலக்காரருக்குப் பொம்பளை அழுதால் நிற்கத் தெரியாது. செருப்பைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு வேகமாகக் கரையை விட்டு இறங்கிப் போனார். பூமயில் மூட்டையை அவிழ்த்துச் சட்டியை அடுப்பில் வைத்தாள். அப்புறம் கூடை கேட்க முருகம்மாள் வீட்டுக்குப் போனாள். அவளுக்குச் சொந்தமாகக் கூடை இல்லை.